ஆறு வெற்றி, பதினோரு தோல்வி

சைக்ஸ்டன், மிசௌரி
ஜனவரி 8, 1987

ஐயா,

உங்களை எனக்குத் தெரியாது. முகவரியை உங்கள் புத்தகத்தின் பின்னட்டையிலிருந்து எடுத்தேன். நான் வெண்டல் ஸ்ட்ரௌட். லூயிவில் ரிவர்மென் அணியில் இடது கையால் பந்து வீசுகிறவன். பதினாறு வருடமாக பேஸ்பால்தான் எனக்குப் பிழைப்பு. உங்கள் புத்தகத்தில் நீங்கள் சாகடித்துப் போட்டிருக்கும் ஆட்களில் நானும் ஒருவன்.

போன வாரம் புது ஒப்பந்தம் பேச லூயிவில் போயிருந்தேன். அணியின் நிர்வாகி போல்டிங், மேசை இழுப்பறையிலிருந்து உங்கள் புத்தகத்தை எடுத்தார். அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.

"இத கேளுப்பா வெண்டல். ஐயோவால ஒருத்தர் எல்லாருக்கும் வருஷ பலன் எழுதியிருக்காரு. 'வெண்டல் ஸ்ட்ரௌட், வயது முப்பத்தொன்பது. ஆறு வெற்றி, பதினோரு தோல்வி. ஆகஸ்ட் முடிவதற்குள் அணியில் இருக்க மாட்டார்.' நான் சொல்லலப்பா, கணக்கு சொல்லுது."

"அப்ப அந்தக் கணக்கையே கூப்பிட்டு பந்து போடச் சொல்லுங்க" என்றேன்.

"நீ போடற பந்துக்கு அது தேவலாம்னு நெனக்கிறேன்."

நாலு பேரும் சிரித்தார்கள். போன வருடச் சம்பளத்தில் பாதி என்று எழுதிய தாளை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். வேறு எந்த அணியும் கூப்பிடவில்லை, அது அவருக்கும் தெரியும்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். போன வருடம் ஜூன், ஜூலை முழுக்க என் அப்பா மெம்ஃபிஸில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆட்டம் இல்லாத நாளெல்லாம் அவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன். அந்த இரண்டு மாதத்தில்தான் நான் அதிகமாகத் தோற்றேன். அது உங்கள் கணக்கில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

"எவனோ ஒரு கண்ணாடிக்காரன் சமையல்கட்டுல உக்காந்து எழுதினதுக்கு நீ ஏன் இந்தக் குதி குதிக்கிற?" என்கிறாள் என் மனைவி நடீன். குதிக்கத்தான் செய்வேன். பாதிச் சம்பளத்தில் விளையாடப் போவது அந்தக் கண்ணாடிக்காரன் இல்லை.

வெண்டல் ஸ்ட்ரௌட்

*

டி மாயின், ஐயோவா
ஜனவரி 19, 1987

மதிப்புக்குரிய திரு. ஸ்ட்ரௌட்,

நான் ஐயா இல்லை. வி. ஸ்கோக்லண்ட் என்பதில் உள்ள 'வி', வெர்னா. மற்றபடி உங்கள் மனைவி சொன்னது சரிதான். கண்ணாடி போட்டிருக்கிறேன், சமையலறை மேசையில்தான் எழுதுகிறேன். வீட்டில் வெப்பம் இருக்கிற அறை அது ஒன்றுதான்.

பகலில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் கணக்கு அலுவலராக இருக்கிறேன். யார் எத்தனை வயது வரை இருப்பார்கள் என்று பார்ப்பது என் வேலை. யார் என்றால், பெயர் உள்ள யாரும் இல்லை. ஐம்பது வயது, புகை பிடிப்பவர், சுரங்க வேலை, இப்படி ஆயிரம் பேர். அந்த ஆயிரத்தில் எத்தனை பேர் என்று சொல்ல முடியும். எந்த ஆள் என்று சொல்லவே முடியாது. மாலையில் அதையே பந்து வீசுகிறவர்களுக்குச் செய்கிறேன். என் தம்பி ஆர்னி அச்சுக்குக் கொடுத்து விற்கிறான்.

உங்களுக்குச் செய்தது இதுதான். போருக்குப் பிறகு ஆடிய இடது கைக்காரர்களில், முப்பத்தெட்டு வயதில் உங்களைப் போலவே வேகம் குறைந்தவர்களையும், மட்டையில் படாமல் ஆளை வெளியேற்றுவது குறைந்தவர்களையும் பொறுக்கினேன். முப்பது பேர் கிடைத்தார்கள். அடுத்த வருடம் அவர்களுக்கு என்ன ஆயிற்றோ அதன் சராசரிதான் உங்கள் பெயருக்கு நேரே இருப்பது.

உங்கள் தந்தையைப் பற்றிய கட்டம் எதுவும் என்னிடம் இல்லை. அந்த முப்பது பேரில் யாருடைய தந்தை எந்த ஜூன் மாதம் படுத்திருந்தார் என்பதும் எனக்குத் தெரியாது. அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டிருப்பேன். நீங்கள் 'கிடந்தார்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததால் கேட்கவில்லை. வருந்துகிறேன்.

எண்ணுக்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அதை நாலு பேர் முன்னால் படித்துச் சிரிப்பதற்கு என் புத்தகம் பயன்பட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

வெர்னா ஸ்கோக்லண்ட்

*

பயிற்சி முகாம், ஃப்ளோரிடா
மார்ச் 2, 1987

ஸ்கோக்லண்ட் அம்மா,

பதில் எழுதுகிற எண்ணமே எனக்கு இல்லை. நடீன்தான், "அந்த அம்மா ஒன் லெட்டர ஒழுங்கா படிச்சிருக்கு. ஒன் அண்ணன் படிப்பானா?" என்றாள். அண்ணன் படிக்க மாட்டான்தான். அப்பா போனதிலிருந்து அவருடைய பருத்திக் காட்டை அவன்தான் பார்க்கிறான். நான் பேஸ்பாலை விட்டுவிட்டு வந்தால் எனக்கும் ஒரு டிராக்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறான். எனக்கும் டிராக்டருக்கும் ஆகாது. இதுவரை இரண்டைக் கவிழ்த்திருக்கிறேன்.

சரி, அந்த முப்பது பேரில் நன்றாக ஆடியவன் ஒருத்தன்கூடவா இல்லை?

இன்னொன்றும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள். இங்கே எனக்குப் பந்து பிடிக்கிறவன் டீட்டோ ஒலிவாரெஸ், போர்ட்டோ ரிக்கோக்காரன். போன வாரம் என் பந்தைப் பிடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒங்க வேகப் பந்து இப்பல்லாம் வரும்போதே வணக்கம் சொல்லிட்டு வருது."

"வேற என்னத்தடா போடச் சொல்ற?"

"இன்னும் மெதுவா போடுங்க. எங்க ஊர்ல என் மாமா ஒருத்தர் போடுவார். கை வேகமா வரும், பந்து வராது. அடிக்கிறவன் மட்டையச் சுத்திட்டு நின்னு பந்துக்காகக் காத்துக்கிட்டிருப்பான்."

பந்தை விரல் நுனியில் பிடிக்காமல் உள்ளங்கையில் ஆழமாகப் புதைத்துப் பிடிக்க வேண்டும். முதல் மூன்று நாள் அது கேட்டுக்கு வெளியே போய் விழுந்தது. இப்போது பத்தில் ஏழு போகிற இடத்துக்குப் போகிறது. நேற்று இளவட்டம் ஒருவன் அதை அடிக்கப் போய் முழங்காலில் விழுந்தான். டீட்டோ சிரித்த சிரிப்பில் முகக்கவசம் கழன்றுவிட்டது.

இதைச் சேர்த்துக்கொண்டு மறுபடி கணக்குப் போடுங்கள்.

வெண்டல் ஸ்ட்ரௌட்

*

டி மாயின்
மார்ச் 14, 1987

மதிப்புக்குரிய திரு. ஸ்ட்ரௌட்,

நால்வர் இருந்தார்கள். ஒருவர் நல்ல அணிக்கு மாறினார். ஒருவர் குடியை விட்டார். ஒருவருக்கு என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நாலாமவர் உங்களைப் போலப் புதிதாக ஒரு பந்தைக் கற்றுக்கொண்டார். ஆனால் புதிய பந்து கற்றும் தோற்றவர்கள் எத்தனை பேர் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. தோற்றவர்களின் புதுப் பந்தைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. அதனால் உங்கள் எண்ணை மாற்ற எனக்கு ஆதாரம் இல்லை. மாற்றவில்லை.

வியாழக்கிழமை திரு. போல்டிங் என் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். முகாமில் இருக்கும் ஆட்களைக் குறைக்கிறாராம்.

"ஏம்மா, அந்த ஸ்ட்ரௌட்ட இப்பவே கழட்டி விட்டுடலாமா? ஒங்க கணக்குல எதாவது மாறியிருக்கா?"

"நான் சொல்ல வேண்டியதெல்லாம் புத்தகத்துல இருக்கு சார்."

"ஆகஸ்ட் வரைக்கும் தாங்குவான்னு போட்டிருக்கீங்க."

"ஆமா. அப்படின்னா ஆகஸ்ட் வரைக்கும் வெச்சிருங்க."

அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. இருந்தாலும் மதியம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கணக்குப் போட்ட ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கூட்டிச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

உங்களிடம் ஒரு கேள்வி. கணக்குக்காக இல்லை. பாதிச் சம்பளம், சிரிக்கிற நிர்வாகி, வலிக்கிற உடம்பு. ஏன் தொடர்கிறீர்கள்?

வெர்னா ஸ்கோக்லண்ட்

*

லூயிவில், கென்டக்கி
ஜூன் 22, 1987

வெர்னா அம்மா,

பத்திரிகை பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் நானே சொல்லிவிடுகிறேன். ஏழு வெற்றி, இரண்டு தோல்வி. இன்னும் ஜூன்கூட முடியவில்லை. உங்கள் ஆறைத் தாண்டிவிட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து, வெண்ணெய் தடவிச் சாப்பிடுங்கள்.

அந்த மெதுவான பந்து வேலை செய்கிறது. போன வாரம் ஒரு தடியன், எங்கள் மைதான விளக்குக் கம்பத்தில் பாதி உயரம் இருப்பான், மூன்று தடவை சுற்றினான், மூன்றும் காற்று. போகும்போது என்னைப் பார்த்து, "ஆம்பளையா இருந்தா ஒழுங்கா ஒரு பந்து போடுய்யா!" என்று கத்தினான். "ஒழுங்கா போட்டா நீ அடிச்சிருவியேடா" என்றேன். நடுவர் குனிந்து, தரையில் பதித்திருக்கும் தட்டைத் துடைப்பதுபோலச் சிரிப்பை மறைத்தார்.

போல்டிங் இப்போது என் தோளில் கை போட்டு நடக்கிறார்.

ஏன் தொடர்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். இத்தனை நாள் யோசித்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. பந்து வீசுகிற மேட்டில் ஏறி நின்றால் அடுத்து என்ன நடக்கும் என்று நான் பந்தை விடும்வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. முப்பதாயிரம் பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். வேறு எங்கேயும், என் வீட்டில்கூட, நான் பேசி முடிக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

ஜூலை பதினெட்டு, சனிக்கிழமை, கேன்சஸ் சிட்டியில் ஆடுகிறோம். உங்கள் ஊரிலிருந்து வண்டியில் ஒரு காலைப் பொழுதுதானே. உங்கள் பெயரில் இரண்டு டிக்கெட் வாசலில் இருக்கும். வந்து உங்கள் கண்ணால் பாருங்கள்.

வெண்டல்

*

டி மாயின்
ஜூலை 20, 1987

அன்புள்ள வெண்டல்,

வந்தோம். ஆர்னி வண்டி ஓட்டினான். இத்தனை வருடம் ஆட்டத்தை வானொலியில் கேட்டும் பத்திரிகையில் படித்தும்தான் எனக்குப் பழக்கம். மைதானத்துக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. புல் இவ்வளவு பச்சையாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

எங்களுக்கு முன்வரிசையில் ஒருவர், "ஏய் தாத்தா! பேரப்புள்ளங்க தேடுதுங்க, வீட்டுக்குப் போ!" என்று நீங்கள் வரும்போதெல்லாம் எழுந்து கத்தினார். மூன்றாவது தடவை அவர் தோளைத் தட்டி, "கொஞ்சம் உக்காருங்க. அந்தத் தாத்தாவைப் பாக்கத்தான் நான் வந்திருக்கேன்" என்றேன். உட்கார்ந்துவிட்டார். நீங்கள் ஜெயித்தீர்கள். ஆர்னி எழுந்து நின்று கை தட்டினான்.

இதற்கு மேல் எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். எழுதுகிறேன்.

ஆர்னி பறவை பார்க்கிற தொலைநோக்கி கொண்டுவந்திருந்தான். நான்காவது இன்னிங்ஸிலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் இடையில் உங்கள் இடது கையை அக்குளில் வைத்துக்கொண்டீர்கள். மைதானத்தில் எல்லாரும் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள், நீங்கள் கையைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தீர்கள். ஐந்தாவதில் கையை உதறினீர்கள். அந்த விரல்கள் வெள்ளையாக இருந்தன. வலது கை அப்படி இல்லை. ஆறாவதில் டீட்டோ இரண்டு தடவை உங்களிடம் ஓடி வந்தார். அதற்குப் பிறகு அந்த மெதுவான பந்தை நீங்கள் போடவே இல்லை.

என் வேலையில் மருத்துவர்களின் அறிக்கைகளைப் படிக்க வேண்டியிருக்கும். சில வருடங்களுக்கு முன் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிற ஒருவருடையது வந்தது. நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்கிற வேலை. முதலில் விரல் வெளுத்தது, பிறகு மரத்தது. களைப்பு என்று விட்டுவிட்டார். கையை எடுக்க வேண்டியதாயிற்று.

இது கணிப்பு இல்லை. முப்பது பேரின் சராசரி இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன். அணி மருத்துவரிடம் போகாதீர்கள், அவருக்கு நீங்கள் ஆட வேண்டும். வெளியே ஒருவரிடம் காட்டுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் காட்டுங்கள்.

வெர்னா

*

லூயிவில்
ஜூலை 27, 1987

ஸ்கோக்லண்ட் அம்மாவுக்கு,

உங்களை ஆட்டம் பார்க்கத்தான் கூப்பிட்டேன். என் உடம்பைச் சோதித்துப் பார்க்க இல்லை.

எட்டு வெற்றி, மூன்று தோல்வி. உங்கள் எண் பொய்த்துவிட்டது. அதனால் இப்போது ஆகஸ்டையாவது எப்படி நிஜமாக்குவது என்று பார்க்கிறீர்கள். விரல் வெளுத்ததாம், வண்ணம் அடிக்கிறவனாம். முப்பத்தொன்பது வயதில் எந்தப் பந்துவீச்சாளனுக்குக் கை மரக்காது? அணி மருத்துவர் பார்த்தார், களைப்புதான் என்றார், மாத்திரை கொடுத்தார்.

இனி எழுத வேண்டாம்.

வெ. ஸ்ட்ரௌட்

*

மெம்ஃபிஸ், டென்னசி
செப்டம்பர் 3, 1987

வெர்னா அம்மா,

இதை வலது கையால் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தேன். நடீன் எடுத்து ஒட்டி வைத்திருந்தாள், எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு ஆட்டம். ஜெயித்தோம், ஒன்பதாவது. மறுநாள் காலை வீட்டில் காபிக் கோப்பையை இடது கையால் தூக்கினேன். கோப்பை கீழே கிடந்தது. கையில் இல்லை என்பதே அது உடைந்த சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.

நடீன் துடைப்பத்தை எடுக்கவில்லை. ஒட்டின கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"கார்ல ஏறு."

"மத்தியானம் பயிற்சி இருக்குடி."

"ஏறுறியா, இல்ல போல்டிங்குக்கு நானே போன் போட்டு எல்லாத்தையும் சொல்லவா?"

ஏறினேன். லூயிவிலிலிருந்து மெம்ஃபிஸ் வரை நடீனே ஓட்டினாள். அப்பா கிடந்த அதே ஆஸ்பத்திரி. கழுத்தெலும்புக்கு அடியில் கைக்குப் போகிற ரத்தக்குழாய் நசுங்கி, உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதாம். மருத்துவர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். "இன்னும் ரெண்டு ஆட்டம் ஆடியிருந்தீங்கன்னா இந்தக் கை இருக்கறது சந்தேகம் சார். கட்டி மேல ஏறியிருந்தா நீங்களே சந்தேகம்" என்றார். அன்றைக்கே அறுத்தார்கள். ஒரு விலா எலும்பையும் எடுத்துவிட்டார்கள்.

அதாவது ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி. ஆகஸ்டில் ஆட்டம் முடிந்தது. வெற்றியும் தோல்வியும் உங்களுக்குத் தப்பு, ஆகஸ்ட் மட்டும் சரி.

டீட்டோ ஒரு கூடை ஆரஞ்சு அனுப்பினான். போல்டிங் பூ அனுப்பினார், கூடவே அணியிலிருந்து என்னை விடுவிக்கிற தாளும்.

போன கடிதத்தில் எழுதியதை மறந்துவிடுங்கள் என்று கேட்கத் தெரியவில்லை. கேட்கிறேன்.

வெண்டல்

*

டி மாயின்
நவம்பர் 16, 1987

அன்புள்ள வெண்டல்,

உங்கள் ஜூலைக் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேடப் போவதில்லை.

ஆகஸ்ட் சரியாக வந்ததில் ஆர்னிக்குச் சந்தோஷம். விளம்பரத்தில் போடலாமா என்று கேட்டான். "போட்டீன்னா அடுத்த புஸ்தகத்தை நீயே கணக்குப் போட்டு எழுது" என்றேன். என் முப்பது பேர் ஆகஸ்டில் நின்றதற்குக் காரணம் முழங்கால், வயது, இளைஞர்கள். உங்கள் ரத்தக்குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தற்செயலாகப் பொருந்தியதை நான் சரி என்று சொல்வதில்லை.

புதுப் புத்தகம் இந்தத் தடவை தாமதமாக, ஜனவரியில்தான் அச்சுக்குப் போகிறது. உங்கள் பெயரை நான் அதில் சேர்க்கவில்லை. ஓய்வு பெறுவதாக அறிவிக்காத ஒருவரை விட்டுவிடுவது இதுவே முதல் தடவை. அதுதான் உங்களுக்கு நல்லது என்று பட்டது. நாலு பேர் நடுவில் யாரும் எதையும் வாசிக்க வேண்டாம்.

கை எப்படி இருக்கிறது? நடீனுக்கு என் அன்பு.

வெர்னா

*

சைக்ஸ்டன்
டிசம்பர் 2, 1987

வெர்னா அம்மா,

அது எனக்கு நல்லது என்று உங்களிடம் யார் சொன்னார்கள்?

இங்கே ஊரில் எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். கடைக்குப் போனால் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அண்ணன், டிராக்டர் பேச்சையே எடுப்பதில்லை, அதுதான் ரொம்பப் பயமாக இருக்கிறது. இப்போது நீங்களும். தப்பாக எழுதினீர்கள், என் சம்பளம் பாதியாகப் போவதற்கு வழி செய்தீர்கள், அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அந்தப் புத்தகத்தில் உயிரோடு இருக்கிற பந்துவீச்சாளர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். நான் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

கை சூடாக இருக்கிறது. மருத்துவர் பிப்ரவரியில் வீசிப் பார்க்கலாம் என்கிறார். டென்வர் அணி முகாமுக்கு வரச் சொல்லியிருக்கிறது. சம்பளம் கிடையாது, உறுதி கிடையாது, வந்து பார் என்கிறார்கள். போகிறேன்.

என் பெயரைப் போடுங்கள். பக்கத்தில் எந்த எண் வருகிறதோ போடுங்கள். சைபர் என்றால் சைபர். ஆளையே விட்டுவிடாதீர்கள்.

வெண்டல்

*

டி மாயின்
ஜனவரி 11, 1988

அன்புள்ள வெண்டல்,

நீங்கள் சொன்னது சரி. போட்டுவிட்டேன்.

இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடி வீச வந்தவர்கள் என்று தேடியதில் மூன்று பேர்தான் கிடைத்தார்கள். மூன்று பேரை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, இருந்தும் போட்டேன். இருவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. ஒருவர் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தார். சராசரி ஒரு வெற்றியில் மூன்றில் ஒரு பங்கு. அதை அச்சடிக்க முடியாது. பாதிக்குக் கீழே போனால் சைபர்தான் என்று ஆர்னி சொன்னான், விதியும் அதுதான்.

அச்சகக்காரரிடம் ஒன்று என்று சொன்னேன்.

'வெண்டல் ஸ்ட்ரௌட், வயது நாற்பது. ஒரு வெற்றி, இரண்டு தோல்வி.' புத்தகம் தனியாக வரும்.

வெர்னா

*

சைக்ஸ்டன்
ஏப்ரல் 9, 1988

அன்புள்ள வெர்னா அம்மா,

புத்தகத்தை நடீன்தான் முதலில் பிரித்தாள். "ஒண்ணா! அந்த அம்மாவுக்கு ஒன் மேல பாசம்டா" என்றாள்.

டென்வர் முகாமில் மூன்று வாரம் இருந்தேன். இரண்டு தடவை மேட்டில் ஏற்றினார்கள். முதல் தடவை நன்றாக இருந்தது, ஆறு பேரை வரிசையாக வெளியே அனுப்பினேன். இரண்டாவது தடவை, பந்து நான் நினைத்த இடத்துக்குத்தான் போனது. ஆனால் எல்லாரும் அடித்தார்கள். கை வலிக்கவில்லை, மரக்கவில்லை. வெறுமனே போதவில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. எனக்குப் பந்து பிடித்த பையனுக்கும் தெரிந்தது, டீட்டோ மாதிரி அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். வயதானவர். சுற்றி வளைக்கவில்லை.

"உக்காரு வெண்டல்."

"நின்னுக்கறேன் சார். சீக்கிரம் முடிஞ்சிரும்ல."

"முடிஞ்சிரும். சொல்லணுமா?"

"வேணாம் சார்."

கை கொடுத்தார். இடது கையை நீட்டினார், அது எனக்குப் பிடித்திருந்தது. பேருந்தில்தான் வந்தேன். கேன்சஸ் முழுக்கத் தூங்கினேன்.

ஆக, நீங்கள் ஒன்று என்றீர்கள், வந்தது சைபர். இதுவரை என் விஷயத்தில் நீங்கள் எனக்குச் சாதகமாகச் செய்த ஒரே தப்பு இதுதான்.

இங்கே உயர்நிலைப் பள்ளியில் பையன்களுக்குப் பந்து வீசக் கற்றுத்தரக் கேட்டார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. அண்ணன் மறுபடி டிராக்டர் பேச்சை எடுத்துவிட்டான், மனசு லேசானது.

மே மாதம் நானும் நடீனும் கேன்சஸ் சிட்டிக்கு ஆட்டம் பார்க்கப் போகிறோம். பதினாறு வயதுக்குப் பிறகு நான் பார்வையாளர் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. அங்கேயிருந்து எதைப் பார்ப்பது, எப்போது எழுந்து நிற்பது, ஒன்றும் தெரியாது. நீங்களும் ஆர்னியும் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். தொலைநோக்கியைக் கொண்டுவராதீர்கள். அவர்கள் நிம்மதியாக ஆடட்டும்.

வெண்டல்